கடைசிப் பந்தி

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். எட்வின் சார் சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல வேண்டாம். ஒரு சபைக்குப் புதிதாக வருகிற ஐயர் முதல் வாரத்தில் வசதியானவன் வீட்டுக்குப் போவார், இல்லாவிட்டால் படுக்கையில் கிடக்கிறவன் வீட்டுக்குப் போவார். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. அப்படியும் என் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள் என்றால், கோயில் செக்ரட்டரியான அவன் உங்கள் காதைக் கடித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

என்ன சொன்னான்? மாசிலாமணி முரடன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். வாழைத்தார் சுமந்து சுமந்து மூளையும் காய்த்துப்போனவன். திருவிருந்து ஆராதனையில் கலகம் பண்ணுகிறான், ஆல்டர் முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். கூப்பிட்டு நல்லதனமாகப் பேசி அடக்கி வையுங்கள். இதுதானே? பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பேசி முடித்த பிறகு பேசுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பைப் பற்றி மட்டும் என்னிடம் எடுக்க வேண்டாம். முந்தின ஐயர் எடுத்துப் பார்த்தார். ஞானாபரணத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அவன் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, இங்கிருந்து மூன்றாவது வீடு. இருபது வருஷமாக அவனும் நானும் பேச்சு இல்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நம் கோயிலில் வருஷத்துக்கு ஒரு தரம் அசனம் நடக்கும். சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடுவது. சமைப்பது ஆண்கள். கறிக் கிடாரம் என் பொறுப்பு. என் அப்பா கிண்டின கிடாரம், அவருக்குப் பிறகு நான். அந்த வருஷம் ஞானாபரணம் வந்தான், கறியை உள்ளங்கையில் ஊற்றி நக்கினான். "எலேய், இது கறியா, உப்பளமா?" என்று கோயில் வளாகமே கேட்கிற மாதிரி கத்தினான். என் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கினான். இரண்டு குடம் தண்ணீரை எடுத்துக் கிடாரத்தில் ஊற்றினான். ஊரே சிரித்தது. பெண்பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

"உப்பு கூடத்தான் இருந்துது."

கேட்டீர்களா? அடுப்படியிலிருந்து. என் வீட்டுக்காரி வேதக்கண். இருபது வருஷமாக இதைத்தான் சொல்கிறாள். ஏட்டி, ஐயருக்குக் காப்பி போடுதியா, இல்ல சாட்சி சொல்லுதியா?

உப்பு கூட இருந்ததோ குறைய இருந்ததோ, அதை என் காதோடு சொல்லியிருக்கலாம் இல்லையா? அதுதான் என் கேள்வி. அதற்கு அவன் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் இருக்கிற பந்தியில் நான் முழங்கால் போடுவதில்லை. நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆல்டரை மறித்து அடித்த மரக் கிராதி முன்னால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் முழங்கால் போடலாம். அது ஒரு பந்தி. ஐயர் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரம் வரைக்கும் முதலில் அப்பம் கொடுத்து வருவார், பிறகு வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சை ரசம் கொடுத்து வருவார். சமாதானமாகப் போங்கள் என்று சொல்வார். எழுந்திருப்பார்கள். அடுத்த பந்தி வரும். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். ஞானாபரணம் எந்தப் பந்தியில் வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பது என் மரியாதைக்கு ஏற்றது இல்லை. அதனால் எல்லாரும் போன பிறகு கடைசியாகப் போவேன். பத்துப் பேர் இடத்தில் நான் ஒருத்தன். அது எனக்குப் பிடித்துப் போயிற்று.

அந்த இடத்துக்குத்தான் அவள் வந்தாள். ஞானாபரணத்தின் மகள் பியூலா.

அவள் கதையை எட்வின் சார் உங்களுக்கு ஒரு மாதிரி சொல்லியிருப்பான். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் அவன். நான் அப்படித்தான். பியூலாவை லாரி ஓட்டுகிற பையனுக்குக் கொடுத்தார்கள். நல்ல பையன் என்றார்கள். பம்பாய்க்கும் ஆந்திராவுக்கும் ஓடினான். ஒரு நாள் உடம்பு உருகி வந்து படுத்தான், அந்தப் படுக்கையிலேயே செத்துப்போனான். புருஷன் வீட்டார் இவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். முடிவு வந்த மறுநாள் ஒரு பையில் துணியைப் போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள். எச்.ஐ.வி. எல்லாரும் இந்தப் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை. அவள் திருடிக்கொண்டு வந்த பொருளா அது?

ஊருக்கு வந்தாள். பொதுக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றக் குடமெல்லாம் பின்னால் நகர்ந்தது. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பெண்கள் பந்தியோடு அவள் போகக் கூடாது, எல்லாரும் முடிந்த பிறகு போகட்டும் என்று எட்வின் சார் சொல்லிவிட்டான். எல்லாரும் முடிந்த பிறகு என்றால் யார் இடம்? என் இடம்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவள் மேல் இல்லை. சரி, அவள் மேலும்தான். அப்பன் அகப்பையைப் பிடுங்கினான், மகள் கிராதியைப் பிடுங்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பெண்பிள்ளையை ஒன்றும் சொல்ல முடியாது. நான் வலது ஓரத்தில் முழங்கால் போட்டேன். அவள் இடது ஓரத்தில். நடுவில் எட்டு ஆள் இடம் காலி.

அந்த மாதங்களில் ஒரு விஷயம் நடந்தது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. முந்தின ஐயர் பாத்திரத்தை என் வாயில் வைத்து, நன்றாகச் சாய்த்து, மிச்சம் இருப்பதை முழுக்க எனக்கே கொடுப்பார். "குடியும், நல்லா குடிச்சிரும்" என்பார். வயதில் மூத்தவன், சபையில் பழையவன், அதற்குண்டான மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இவளிடம்கூடச் சொன்னேன். அடி வரைக்கும் எனக்குத்தான் என்று.

அறுப்பின் பண்டிகை வந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள், கோயில் கொள்ளாத கூட்டம். கடைசியில் நான் போய் முழங்கால் போட்டேன். அப்பம் வந்தது. பாத்திரம் வந்தது. வாயைத் திறந்தேன். வெள்ளி உதட்டில் பட்டது. சொல்ல வேண்டிய வார்த்தையெல்லாம் ஐயர் சொன்னார். நாக்கில் ஒரு சொட்டு விழவில்லை.

"ஐயா, ஒண்ணும் வரல."

"தீந்துட்டுவே. விசுவாசத்தால வாங்கிக்கிடும்."

"இன்னும் கொஞ்சம் ஊத்தி ஜெபிச்சுக் குடுங்க. பாட்டில்லதான் இருக்கே."

"இப்ப வேண்டாம். எந்திரியும்."

பாட்டிலைத் திறக்க அவருக்கு அப்படி என்ன கஷ்டம்? நான் திரும்பிப் பார்த்தேன். முன் பெஞ்சில் எட்வின் சார் தன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாத்திரத்தில் ரசம் அளந்து ஊற்றி வைப்பது அவன் வேலை. எனக்குப் புரிந்துவிட்டது. கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கின கணக்கை நான் அவனிடம் நாலு பேர் முன்னால் கேட்டிருந்தேன், அதற்குப் பழி. எனக்கு வெறும் பாத்திரம் காட்டுகிறான்!

நான் விடுவேனா? அன்று சாயங்காலமே கிளம்பினேன். ஒரு வீடு விடவில்லை. "மாசிலாமணிக்கு வெறும் பாத்திரம் காட்டியிருக்கான், நீங்க சாப்பிட்டுக்கிட்டா இருக்கீங்க?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டேன். ஆள்கள் தரையைப் பார்த்தார்கள். எட்வினுக்குப் பயம் என்று நினைத்தேன். பால்காரன் மனைவி, "போங்க அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது" என்றாள். படிக்காதவன் என்பதற்காகச் சொல்கிறாள் என்று அவளிடம் ஒரு சண்டை. பஸ் ஏறித் திருமண்டல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா, "ரசம் குறைஞ்சதுக்கெல்லாம் பேராயரைப் பாக்க முடியாது பெரியவரே" என்றான். மறுபடியும் போனேன். அவனுக்கு என்னைப் பார்த்தாலே தலைவலி வருகிற அளவுக்குப் போனேன். பாத்திரம் நிறைய ஊற்ற வேண்டும், கடைசி ஆள் வரைக்கும் வர வேண்டும், ஒரு சொட்டுக் குறைந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். இதுதான் என் பேச்சு. ஊர் முழுக்க இதுதான் பேச்சு.

அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் பொதுக்குழாயில் பியூலா என்னை நிறுத்தினாள். மற்றவர்கள் வராத நேரத்தில்தான் அவள் தண்ணீர் பிடிப்பாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்தேன். அவள் அப்பனோடு பேச்சு இல்லாததால் அவளோடும் எனக்குப் பேச்சு இல்லை. பார்க்காத மாதிரி வாளியை வைத்தேன்.

"பெரியப்பா."

நான் குழாயைப் பார்த்தேன்.

"பெரியப்பா, நீங்க எனக்காவ ஊரு பூரா சண்டை போடுதியளாம். எங்கம்மா சொன்னா. எங்கப்பாகூட எனக்காவ வாயத் தொறக்கல. நீங்க..." என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"உனக்காவவா?" என்றேன்.

"இத்தன மாசமா எனக்கு வெறும் பாத்திரந்தான பெரியப்பா. உங்களுக்கு முழுக்கக் குடுத்துருவாவ. பொறவு வந்து என் வாயில சும்மா வச்சு எடுத்துருவாவ. நான் குடிச்ச மாதிரி வாயத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுருவேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீங்க பாத்துட்டிய."

ஐயா, உண்மையைச் சொல்கிறேன். எட்டு ஆள் இடம் தள்ளி இருந்துகொண்டு நான் எதையும் பார்க்கவில்லை. அடி வரைக்கும் எனக்கு என்று சந்தோஷமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிறகு பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் அதை ஐயர் குடித்தாக வேண்டும். ஜெபித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. அதனால் அவளுக்கு முன்னாலேயே காலி பண்ண ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்! என்னை ஒரு கழுவும் துணி மாதிரி வைத்து அந்தப் பிள்ளையின் பங்கைத் துடைத்து எடுத்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகையன்று ரசம் எனக்கு முன்னாலேயே தீர்ந்தது அவர்கள் கணக்கில் வந்த பிசகு.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஒங்கப்பனுக்குத் தெரியுமாட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும். கோயிலுக்குள்ள விட்டதே பெரிசு, பேசாம இருன்னாவ."

அகப்பை ஒரு பக்கம் இருக்கட்டும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? தகப்பன் சொல்கிற வார்த்தையா இது? அவனை மன்னிக்கச் சொல்கிறீர்களே!

நேராக ஐயர் வீட்டுக்குப் போனேன். எட்வின் சாரும் அங்கே இருந்தான். நான் கேட்டதும் ஐயர் அவன் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் இளசு. எட்வின் சார்தான் பேசினான்.

"அண்ணாச்சி, சபையில நூறு குடும்பம் இருக்கு. பிள்ளை குட்டி இருக்கு. பயப்படுதாங்க. நீங்க இனி ஆண்கள் பந்தியிலயே வாங்க, உங்களுக்கு வெள்ளிப் பாத்திரந்தான், கொறையே வராது. அந்தப் பிள்ளைக்கும் வெறுமையா வேண்டாம், தனியா ஒரு டம்ளர் வச்சிருவோம். புது எவர்சில்வர் டம்ளர். என் சொந்தச் செலவு."

நான் கேட்டேன். "எட்வின் சார், ஒங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் எதுக்குய்யா இந்தக் கோயிலுக்குள்ள வந்தாவ?"

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி?"

"டீக்கடையில அவங்களுக்குன்னு தனிக் கிளாஸ் ஆணியில தொங்குச்சு. அதுல குடிச்சிட்டு அவங்களே கழுவி வைக்கணும். வெள்ளக்காரன் ஒருத்தன் வந்து, எங்க கூட்டத்துல எல்லாருக்கும் ஒரே பாத்திரம்னான். அதை நம்பித்தான் வந்தாவ. வேதம் படிச்சா வந்தாவ? அவங்களுக்கு வாசிக்கவே தெரியாது. அந்த ஒரு பாத்திரத்தப் பாத்து வந்தாவ. இப்ப அந்தக் கிளாஸை எடுத்துட்டு வந்து ஆல்டர்ல வைக்கியா நீ?"

எவர்சில்வர் என்றால் சரியாகிவிடுமா ஐயா? வாசிக்கிறது நீங்கள்தானே. அந்தக் கடைசி விருந்து ராத்திரி ஆண்டவர் எத்தனை பாத்திரம் எடுத்தார்? பன்னிரண்டா? யூதாசுக்குத் தனியாக ஒன்று வைத்தாரா? காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கே அதே பாத்திரம். புருஷனை நம்பினதைத் தவிர ஒன்றும் செய்யாத பிள்ளைக்கு டம்ளரா?

அடுத்த திருவிருந்து ஞாயிறு. எல்லாப் பந்தியும் முடிந்தது. நான் போனேன். இந்தத் தடவை வலது ஓரத்துக்குப் போகவில்லை. அவளை அங்கே போகச் சொன்னேன். அவளுக்கு இடது கைப்பக்கம், இடமே விடாமல் முழங்கால் போட்டேன். பாத்திரம் முதலில் அவளுக்கு வர வேண்டும், அப்புறம்தான் எனக்கு. கோயில் முழுக்க ஒரு மூச்சு இழுத்த சத்தம் கேட்டது.

அப்பம் வந்தது. வாங்கினோம். பிறகு ஐயர் ஒரு கையில் டம்ளரோடு வந்தார். பளபளவென்று இருந்தது, கடை ஸ்டிக்கர் ஒட்டின அடையாளம்கூட அதில் தெரிந்தது. அவள் முன்னால் நீட்டினார். பியூலா இரண்டு கையையும் கிராதி மேல் கட்டிக்கொண்டாள், தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை. இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், ஊரில் நான்தான் தூண்டினேன் என்கிறார்கள்.

ஐயர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "வெள்ளிப் பாத்திரம் வரட்டும் ஐயா. அதுவரைக்கும் இந்தப் பந்தி முடியல."

அவர் உள்ளே போனார். பாடகர் குழு பாட்டை ஆரம்பித்தது. எல்லாச் சரணமும் பாடி முடித்தார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எங்கேயோ குழந்தை அழுதது. சில பேர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். எட்வின் சார் வந்து என் காதோடு குனிந்தான்.

"அண்ணாச்சி, அசிங்கமா இருக்கு. எந்திரிங்க."

"ஒனக்கு அசிங்கமா இருந்தா நீ வெளிய போய் நில்லு."

பின்னால் ஞானாபரணத்தின் குரல் கேட்டது. "ஏட்டி பியூலா, எந்திரிச்சு வாட்டி! மானத்த வாங்காத!"

அவள் திரும்பவில்லை. கிராதியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, போயிருவோமா?" என்றாள்.

"நீ வேணா போ. நான் இருக்கேன்."

"நீங்க இருந்தா நானும் இருக்கேன்."

என் முட்டி இரண்டும் செத்துப்போய்விட்டது. தார் சுமந்த முட்டி, நின்றால் நிற்கும், மடக்கினால் உயிர் போகும். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் எழுந்திருக்கப் போகிறேன் என்று நினைத்துவிடுவார்கள் என்று துடைக்கவில்லை. பாட்டு மூன்றாம் முறை நடுவில் தானாக நின்றுபோனது. ஆர்மோனியக்காரப் பையனுக்கே வெறுத்துவிட்டது போல.

கடைசியில் ஐயர் வந்தார். வெள்ளிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் வாயில் வைத்துச் சாய்த்தார். தொண்டையில் இறங்கின சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வாயைத் துடைக்கவே இல்லை. அப்படியே இருந்தாள்.

பிறகு பாத்திரம் என் முன்னால் வந்தது.

ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். பாத்திரத்தைத் திருப்பினார். மறுபடி துடைத்தார். துடைக்கத் துடைக்க எனக்குப் பயம் கூடியது. ஆமாம், பயம். பயமே இல்லை என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உங்களிடம் சொல்வதற்கென்ன. அவள் உதடு பட்ட இடத்தில் ஈரம் இருந்தது. என் பேத்தி என் தட்டில்தான் சாப்பிடுவாள், அது ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு கால் ஊன்றப் பார்த்தேன். அப்போது பக்கவாட்டில் எட்வின் சார் முகம் தெரிந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. இப்போது எழுந்திருப்பான் பார் என்கிற சிரிப்பு.

"தொடச்சது போதும் ஐயா, குடுங்க" என்றேன். குடித்தேன். ஒரு வாய் இல்லை, இரண்டு வாய். எட்வின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அடியில் வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைத்தேன். இதை விசுவாசம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன், எனக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு எடுத்து வை, எதற்கும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று. இவள் என்ன செய்தாள் தெரியுமா? நான் தண்ணீர் குடித்து வைத்த செம்பை எடுத்து, மிச்சத்தை மடமடவென்று குடித்துவிட்டு, "சோறு ஆறுது, உக்காரும்" என்றாள். இவளுக்கு எல்லாமே விளையாட்டு.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நர்சம்மாவிடம் கேட்டேன். "ஒரே பாத்திரத்துல குடிச்சா, ஒரே தட்டுல சாப்பிட்டா இது ஒட்டாது தாத்தா. பயப்படாம போங்க" என்றாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அந்த முழங்கால் வலி, அந்த வேர்வை, அந்தப் பயம் எல்லாம் எதற்கு? ஒரு வார்த்தை இங்கே வந்து கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை வெறும் பாத்திரத்தில் வாய் வைத்திருக்க வேண்டாமே. எட்வின் சார் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவன். பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும் அவனுக்கு?

நர்சம்மா சொன்னதை ஊரில் சொன்னேன். நம்பவில்லை. மாசிலாமணி குடித்துவிட்டான், இனி வேறு என்ன சொல்வான் என்றார்கள். அதிலிருந்து கடைசிப் பந்தியில் பியூலாவும் நானும்தான்.

ஒரு மாசம் கழித்து நடந்ததைக் கேளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் போட்டிருக்கிறோம். எனக்கு இடது பக்கம் யாரோ வந்து முழங்கால் போட்டார்கள். மூச்சு வாங்குகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஞானாபரணம்! எட்டு ஆள் இடம் காலியாகக் கிடக்கிறது, அவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் இருக்கலாம் இல்லையா? என் தோளை இடித்துக்கொண்டு இருந்தான். மகளுக்குப் போன பாத்திரம் எனக்கு வந்தது, என்னிடமிருந்து அவனுக்குப் போயிற்று. என் எச்சிலைக் குடித்தான். ஐயர் துடைக்க வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் குடித்தான். எவ்வளவு திமிர் பாருங்கள்! நான் துடைத்ததற்குப் பிறகு குடித்தேன், அவன் துடைக்காமல் குடிக்கிறான். அங்கேயும் என்னை ஜெயிக்க வேண்டும் அவனுக்கு. அழுதான் வேறு, தோள் குலுங்கியது. எழுந்திருக்கும்போது என் முட்டி பிடித்துக்கொண்டது. அவன் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நான் கேட்டேனா? அகப்பையைப் பற்றி மூச்சே விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் வந்து அதே இடத்தில் இடிக்கிறான், ஒவ்வொரு தடவையும் தூக்கிவிடுகிறான்.

"நீரும் ஒவ்வொரு தடவையும் கையக் குடுக்கீருல்லா?"

ஏட்டி, நீ காப்பியைக் கொண்டு வா முதலில்.

காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. இப்போது எட்வின் சார் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறான். எல்லாருக்கும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ். தட்டில் அடுக்கி வைத்து ஆளுக்கு ஒன்று. பட்டணத்துக் கோயில்களில் அப்படித்தான், சுத்தம், சுகாதாரம் என்கிறான். எல்லாருக்கும் தனி என்றால் யாருக்கும் தனி இல்லையே என்று உங்களிடமும் சொல்லியிருப்பான். பேச்சில் கெட்டிக்காரன். பட்டணத்தில் எப்படியோ எனக்குத் தெரியாது. இங்கே நூறு வருஷமாக ஒரே பாத்திரம். இருமலோடு வந்தவனும் அதில்தான் குடித்தான், சாராயம் குடித்த வாயோடு வந்தவனும் அதில்தான் குடித்தான். அப்போது வராத சுகாதாரம் பியூலா வந்த பிறகு வருகிறது. எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் இது புரிகிறது.

என்ன ஐயா? கையில் எடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

நான் சொல்கிறேன். எட்வின் அனுப்பினான், அது உண்மை. ஆனால் நீங்கள் அவனுக்காக மட்டும் வரவில்லை. வருகிற ஞாயிறு நீங்கள் இங்கே நடத்தப் போகிற முதல் திருவிருந்து. பியூலா குடிப்பாள். நான் குடிப்பேன். ஞானாபரணம் குடிப்பான், அவனைத் தடுக்க முடியாது. அதற்குப் பிறகு பாத்திரத்தில் மிச்சம் இருக்கும். அதை யார் குடிக்க வேண்டும்? அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. எனக்கும் பயம் இருந்தது. நர்சம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முந்தின ஐயர் மிச்சத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி ஆல்டர் பக்கம் திரும்பி நிற்பார். ரொம்ப நேரம் நிற்பார். குடித்தாரா, பக்கத்தில் இருந்த துணியில் ஊற்றினாரா, எனக்குத் தெரியாது. எங்களுக்கு அங்கிதான் தெரியும். அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். பந்தி மாறச் சொன்னால் மாற மாட்டேன். கண்ணாடிக் கிளாஸ் வைத்தால் எங்கள் மூன்று பேரின் கிளாஸையும் தொட மாட்டோம், வெள்ளிப் பாத்திரம் வரும்வரை முழங்காலில் இருப்போம். முட்டி வலிக்கும். வலிக்கட்டும். சபையை விட்டு நீக்கினால் வெளிவாசலில் முழங்கால் போடுவேன், பாத்திரம் அங்கே வரட்டும்.

காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ரசம் கொஞ்சம் கூடவே ஊற்றச் சொல்லுங்கள். மிச்சம் வரும் ஐயா. அதைக் குடிக்கும்போது மட்டும் எங்கள் பக்கமாகத் திரும்பி நில்லுங்கள். பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.